அந்த மேப் எந்த ஊர் பெட்ரோலுக்கு எழுதினது?

2019 மே மாதம். ஒரு தம்பி தன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 காரை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான். "மேடு ஏறுறப்ப டப்பாவுல கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் வருதுங்ணா."

கம்பெனி கொடுத்தது 230 குதிரை. வேறொரு பட்டறையில் ரீமேப் போட்டு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற மேப் என்கிற புரோகிராமை மாற்றி எழுதி, 300-ஐத் தாண்ட வைத்திருந்தார்கள்.

பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகள், நடுவில் இரண்டு மூன்று வெள்ளி மினுக்கு. அந்த மினுக்கு அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்தது. இன்ஜினைப் பிரித்தோம். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு விரல்நகம் அளவுக்குப் பெயர்ந்து கிடந்தது. மேப் போட்ட இடத்தில் கேட்டதற்கு, "நீ ஓட்டின விதம் அப்படி" என்றார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த மேப் ஃபைல் ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கும் குளிர்காற்றுக்கும் எழுதினது. பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன். நம் பெட்ரோல் பங்கில் அன்று சாதாரண பெட்ரோல் 91. பிளக் பற்ற வைத்த தீ, வைக்கோல் போரில் பிடித்த தீ மாதிரி, பிளக்கிலிருந்து ஓரம் நோக்கிச் சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன்பே, மூலையில் அழுத்தத்தில் வெந்துகொண்டிருக்கிற கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். இன்ஜினில் இருக்கிற நாக் சென்சார் அதைக் கேட்டு டைமிங்கை, அதாவது பிளக் பொறி தட்டும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். ஆனால் பூஸ்ட்டையும் (டர்போ திணிக்கிற காற்றழுத்தம்) டைமிங்கையும் அளவுக்கு மேல் ஏற்றிவிட்டு, மே மாதச் சிக்னலில் அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரே கொதித்துக்கொண்டிருக்கும்போது மிதித்தால், சென்சார்தான் என்ன செய்யும்?

வண்டியை நிறுத்திவைத்து ஓட்டி குதிரைத்திறனை அளக்கிற டைனோ மெஷினில் முதல் ரன் நம்பர் எல்லோருக்கும் அழகாகத்தான் வரும். இடைவெளி விடாமல் மூன்றாவது ரன்னைப் பாருங்கள். உள்ளே போகிற காற்றின் சூடு எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி இழுக்கிறது, ஃப்யூயல் பிரஷர் உச்சியில் இறங்குகிறதா? இதையெல்லாம் பதிந்த லாகைக் காட்டாதவரிடம் வண்டியை விடாதீர்கள், தம்பிகளே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்துவிட்டது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், உண்மைதான். ஆனால் சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக் கணக்கில் காற்று 14.7 பங்கு என்றால் ஈ20-க்குச் சுமார் 13.5தான். அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். ஏற்கெனவே எல்லையில் ஓடுகிற பம்ப்பும் இன்ஜெக்டரும் உச்சி ஆர்பிஎம்மில் கைவிரித்தால் கலவையில் எரிபொருள் குறைந்து வறண்டுவிடும், சூடு ஏறும். பழைய மேப்பை மறுபடி பார்க்காமல் ஓட்டுவது தப்பு.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றாத வண்டிக்கு நான் பவர் ஏற்றித் தருவதில்லை.

அந்தத் தம்பிக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கின உறுதியான பிஸ்டன்) போட்டு, நம் பெட்ரோலுக்கே மேப் எழுதி, 280-லேயே நிறுத்தினேன். "இன்னொரு இருபது ஏத்தலாமாங்ணா" என்று கேட்டான். மாட்டேன் என்றேன். பிறகொரு கோடையில் கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் கொளுத்துகிற வெயிலில் ஓட்டிவிட்டு லாகை அனுப்பினான். நான்கு சிலிண்டரிலும் டைமிங் ஒரு டிகிரிக்கு மேல் இழுக்கவில்லை.