காரின் வயரை வெட்டாமல் செற் பூட்டலாம்

காருக்குப் புதிய செற், அதாவது டாஷ்போட்டில் இருக்கும் றேடியோப் பெட்டி, பூட்டப் போகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: காரோடு வந்த வயரில் எவரையும் கத்தரி வைக்க விடாதீர்கள். கடையில் கொடுத்தாலும் சரி, வீட்டில் நீங்களே பூட்டினாலும் சரி, ஒரு வயர்கூட வெட்டுப்படாமல் அந்த வேலை முடியும். கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கீழ், என்னுடைய 2007ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோவுக்கு வழிகாட்டி வரைபடத்துடன் கூடிய ஓர் அன்ட்ரொயிட் செற்றை அப்படித்தான் பூட்டினேன். நான் மெக்கானிக் அல்ல. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். காலை ஏழரைக்குத் தொடங்கிய வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் பெரும்பகுதி செற்றைப் பூட்டுவதில் போகவில்லை, எந்த வயர் எது என்று அளந்து பார்ப்பதில் போனது.

யப்பானிலிருந்து இறங்கிய கார்களை வைத்திருப்பவர்களுக்குப் பழைய செற்றின் தொல்லை தெரிந்திருக்கும். அங்கே எவ்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்சில் தொடங்குகிறது. அந்தக் காலச் செற்கள் 90 வரைதான் போகும். எங்களுடைய ஒலிபரப்போ 87.5இலிருந்து 108 வரை இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற ஒரு சின்னத் துண்டில் அகப்படும் நிலையங்களை மட்டும் கேட்கலாம். மற்றவற்றுக்கு அலைவரிசையை மாற்றித் தரும் கொன்வேட்டர் என்ற சின்னப் பெட்டியை அன்ரெனா வழியில் செருகி, இரைச்சலோடு கேட்க வேண்டும். திரையில் வருவதெல்லாம் யப்பான் எழுத்து. வரைபடமும் யப்பானுடையது மட்டும்தான். பரந்தன் சந்தியில் நின்றாலும் அதற்குத் தெரிந்த தெரு ஒன்றும் அங்கே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிட்டார்கள். இடையில் வந்த விலையேற்றத்தில், கையிலிருக்கிற பழைய காரைப் பத்திரமாக வைத்திருப்பதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. இன்னும் பத்து வருடம் ஓடவேண்டிய காரின் வயர்க் கட்டை இன்றைக்கு நான்கு இடத்தில் வெட்டி முறுக்கினால், அந்த நான்கு முடிச்சும் பத்து வருடமும் டாஷ்போட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டே இருக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தபடியால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். போன வருடம் மச்சானின் காரில் வவுனியாவிலிருந்து இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். கனகராயன்குளம் தாண்டியதும் பிளாஸ்ரிக் கருகுகிற மணம். “மணக்குது மச்சான், ஓரமா நிப்பாட்டு” என்றேன். பற்றரியைக் கழற்றிவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் டாஷ்போட்டின் முகப்பை இழுத்துப் பார்த்தோம். சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் பூட்டிய செற். கார் வயரை வெட்டி, புது வயரோடு கையால் முறுக்கி, மேலே கறுப்பு ரேப் சுற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்து வெயிலில், கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் அந்த ரேப்பின் பசை இளகிவிடும். ரேப் வழுக்கி நகர்ந்திருந்தது. நிரந்தர மின் வரும் வயரின் செப்பு, செற்றைத் தாங்கும் இரும்புத் தகட்டில் தொட்டுக்கொண்டிருந்தது. வயரின் மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கொப்பளித்துப்போய் இருந்தது. பியூஸ் ஏன் போகவில்லை என்று பார்த்தால், 15 அம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் 30 அம்பியர் பியூஸ் இருந்தது. முதல் போட்டது அடிக்கடி போனபடியால் பெரிதாகப் போட்டுவிட்டார்களாம். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். வயர் தாங்குகிற அளவைவிடப் பெரிய பியூஸைப் போட்டால், அதன் பிறகு பியூஸுக்குப் பதிலாக வயர்தான் எரியும். அன்றைக்குக் காரில் இரண்டு பிள்ளைகள் பின்னால் நித்திரை.

அதன் பிறகுதான் நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன். செற்றைவிட முக்கியமாக நான் தேடியது ஒரு சொக்கற் வயர். டொயோட்டாவின் செற்றுக்குப் பின்னால் 10 ஊசிப் பிளக் ஒன்றும் 6 ஊசிப் பிளக் ஒன்றும் வரும். அவற்றுக்குள் அப்படியே செருகக்கூடிய எதிர்ப் பிளக்குகள் வயரோடு தனியாக விற்கப்படுகின்றன. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் கார்ப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். வெட்டுவதும் இணைப்பதும் இந்தப் புது வயரில் மட்டும்தான். மேசையில் வைத்து ஆறுதலாக ஈயம் ஒற்றி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு முடித்துவிடலாம். காரின் பக்கம் பிளக்கைச் செருகுவதோடு வேலை முடிந்தது. அளவையும் பார்த்து வாங்குங்கள். இரட்டை டின் என்ற பொது அளவில் வரும் செற்றின் அகலம் 178 மில்லிமீற்றர். யப்பான் டொயோட்டாவின் இடைவெளி 200. சாதாரணச் செற்றை வாங்கினால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும், அதை மூட ஒரு சட்டகம் வேண்டும்.

கழற்றும் வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. முகப்பு கிளிப்பில்தான் நிற்கிறது. பிளாஸ்ரிக் நெம்பு தகட்டால் கீழிருந்து மெல்ல இழுத்தால் ஒவ்வொன்றாக விடும். பின்னால் தொங்கும் சிறு பிளக்குகளை வயரில் பிடித்து இழுக்காமல், நாக்கை அமத்திக் கழற்ற வேண்டும். உள்ளே 10 மில்லிமீற்றர் போல்ற் நான்கு. இவ்வளவுக்கும் முன் பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றி, குறைந்தது 90 வினாடி பொறுத்திருங்கள், ஏர்பாக்கின் சேமிப்பு மின் இறங்குவதற்கு அந்த நேரம் தேவை. மஞ்சள் பிளக் எதைக் கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பாக்கினுடையது. பற்றரியைக் கழற்றினால் சில யப்பான் செற்கள் பூட்டுப் போட்டுக்கொண்டு இலக்கம் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய செற்றை மீண்டும் பாவிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அதை விசாரிப்பது நல்லது.

இனித்தான் முக்கியமான இடம். புதுச் செற்றின் வயர்களில் மஞ்சள் நிரந்தர மின், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும் மின், கறுப்பு எர்த், அதாவது கார் உடம்போடு சேரும் நெகற்றிவ். இது பரவலாக எல்லாச் செற்றிலும் ஒன்றுதான். டொயோட்டாவின் வயர்க் கட்டிலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று வயர்கள் இருக்கின்றன. ஆனால் என் காரில், டொயோட்டாவின் வழமையான நிற ஒழுங்கின்படி, 6 ஊசிப் பிளக்கில் வரும் அந்த நிறங்கள் பின் ஸ்பீக்கர்களுக்குப் போகிறவை. கறுப்பும் மஞ்சளும் இடது ஸ்பீக்கர், சிவப்பும் வெள்ளையும் வலது. நிரந்தர மின் நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட வயரில் வருகிறது, சாவி மின் சாம்பலில், எர்த் மண்ணிறத்தில். நிறத்துக்கு நிறம் என்று இணைத்திருந்தால், செற்றின் மின் வயர்கள் பின் ஸ்பீக்கர்களில் போய் நின்றிருக்கும், செற்றுக்கு மின்னே வந்திருக்காது. வயரைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை இந்த வேலையில் முழுதாக விட்டுவிட வேண்டும்.

ஆகவே மல்ரிமீற்றரை எடுத்தேன். அளப்பதற்காகப் பற்றரியை மறுபடி கொடுத்துவிட்டு, கறுப்பு முனையை உடம்பு இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வோர் ஊசியாகத் தொட்டு, தாளில் எழுதினேன். சாவி இல்லாமலே 12.5 வோல்ட் காட்டுவது நிரந்தரம். சாவியை ஒரு படி திருப்பியதும் வருவது மற்றது. பார்க் விளக்கைப் போட்டதும் வருவது இரவில் திரையை மங்கலாக்கும் வயர். நிரந்தரத்தையும் சாவி மின்னையும் மாறிக் கொடுத்தால் காரை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் செற் எல்லாவற்றையும் மறக்கும். இரண்டையும் நிரந்தரத்திலேயே கொடுத்தால் பற்றரி இறங்கிவிடும். பின் கமராவின் மின்னை அளந்தபோது 12 வரும் என்றுதான் எதிர்பார்த்தேன், 6 வோல்ட்தான் வந்தது. பாராமல் 12 கொடுத்திருந்தால் நல்ல கமரா ஒன்று புகைந்திருக்கும்.

ஸ்பீக்கர் வயர்களில் மின் இல்லை. ஆனால் அந்தச் சோடிகளுக்கிடையே மீற்றர் ஏறத்தாழ 4 ஓம் காட்டும். எந்தச் சோடி எந்த மூலை என்று அறிவதற்கு ஒன்றரை வோல்ட் டோர்ச் பற்றரி போதும். இரண்டு முனையையும் ஒரு கணம் தொட்டால் அந்த மூலையில் “டக்” என்று கேட்கும். மகளைப் பின்னால் இருத்திவிட்டு நான் தொட்டுக்கொண்டு போக, அவள் காதை ஸ்பீக்கரோடு வைத்து, “அப்பா, பின்னுக்கு, சோத்தாங்கைப் பக்கம்” என்று சொல்லச் சொல்ல எழுதினோம். இதில் இன்னொரு கவனம் வேண்டும். ஸ்பீக்கரின் நெகற்றிவ் எர்த் அல்ல. இப்போதைய செற்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் உள்ளிருக்கும் பெருக்கியாலேயே இயக்கப்படுகின்றன. ஒன்றை எடுத்துக் கார் உடம்பில் பொருத்தினால் செற்றின் பெருக்கி போய்விடும்.

அந்த “டக்” சத்தம் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார். டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், அதை அப்படியே கொடுத்தால் றேடியோ பழுதாகும் என்பதற்காக, உடைந்த செற் ஒன்றிலிருந்து டயோட்டுகளைக் கழற்றி இடையில் போட்டிருந்தார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எதையும் தொடாதே என்பார். மீற்றர் கையில் இருக்கும்போது, காரின் நான்கு வயரைப் பார்த்து நாங்கள் ஏன் பயப்படவேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜி.பி.எஸ். அன்ரெனாவை டாஷ்போட்டுக்குள் போட்டு மூடிவிடுவது பரவலாக நடக்கிற பிழை. அந்தச் சின்னச் சதுரத்துக்கு வானம் தெரியவேண்டும். மேலே இரும்புத் தகடு இருந்தால் செய்மதிச் சைகை வந்து சேராது. நான் முன் கண்ணாடியின் அடியில், டாஷ்போட்டின் மேல் மூலையில் ஒட்டி, வயரை ஓரத்தால் இறக்கினேன். முதல் தடவை இடத்தைப் பிடிக்க அது நேரம் எடுக்கும். செய்மதிகளின் முழு அட்டவணையும் வந்து முடியவே 12 நிமிடம் 30 வினாடி ஆகும். இணையம் இருந்தால் அந்த விபரம் உடனே வந்துவிடும். இல்லாவிட்டால் வெளியில் நிறுத்திப் பொறுத்திருக்க வேண்டும். வரவில்லையே என்று கழற்றத் தொடங்காதீர்கள்.

இடத்தை அறிய இணையம் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. எங்கள் பக்கத்தில் இந்த வேறுபாடு பெரிய விடயம். ஏ-9 வீதியில் இருக்கிற சிக்னலை நம்பி உள்ளே போனால், காட்டோரத் தெருவில் திரை வெறும் சாம்பலாகிவிடும். ஆகவே வடக்கு மாகாண வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்துவிட்டேன். ஒப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச வரைபடத்தைப் பாவிக்கும் ஓர்கானிக் மப்ஸ், ஒஸ்ம்அன்ட் போன்ற செயலிகள் இணையமே இல்லாமல் வழி சொல்லும். கூகிள் வரைபடத்திலும் இறக்கி வைக்கலாம், ஆனால் அது காலாவதியாகாமல் இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும். ஒப்பன்ஸ்ட்ரீட்மப்பில் தெருக்களையும் பெயர்களையும் நாங்களே சேர்க்கலாம். எங்கள் ஒழுங்கைகளுக்குத் தமிழில் பெயர் ஏற்றும் வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளோடு தொடங்க ஆசை.

முதல் ஓட்டம் முத்தையன்கட்டுக்கு, பெரியம்மா வீட்டுக்கு. பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று நான் வழமையாகப் போகும் பாதை. இடையில் கருவி காட்டுக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதையைக் காட்டியது. அதை நான் எடுக்கவில்லை. மாரியில் எந்த மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, எந்தக் குளக்கட்டில் வண்டில் மட்டும் போகலாம் என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். பலகை நட்ட இடத்துக்குள் வரைபடம் கோடு காட்டினாலும் கால் வைக்கக் கூடாது.

செற்றில் ஹான்ட்பிரேக் வயர் ஒன்று இருக்கிறது. ஹான்ட்பிரேக் இழுத்திருந்தால் மட்டும் படம் ஓடுவதற்காக அது வைக்கப்பட்டது. அதை நேரே எர்த்தில் கொடுத்துவிட்டால் ஓடும்போதும் படம் பார்க்கலாம் என்று பலர் சொன்னார்கள். நான் முறைப்படிதான் கொடுத்தேன். இரவில் ஏ-9இல் நடுத் தாரில் மாடு படுத்திருக்கும், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம் முன்னால் போகும். சாரதியின் முன்னால் படம் ஓடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் உங்களோடு வாதாடவும் நான் ஆயத்தம்.

கடைசியாக, எல்லாவற்றையும் மூடிச் சாவியை எடுத்த பிறகு, பற்றரியின் நெகற்றிவ்வில் மீற்றரைத் தொடராகக் கொடுத்து, கதவுகளைப் பூட்டி, நிற்கும் கார் எவ்வளவு மின்னை இழுக்கிறது என்று அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன். 28 மில்லி அம்பியர். 50க்குள் இருந்தால் ஒரு கிழமை நிறுத்தி வைத்தாலும் கார் ஸ்ராட் ஆகும். பழைய யப்பான் செற்றை அதன் போல்ற்றுகளோடு துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். பிளக்கை மாற்றிச் செருகினால் கார் வந்த நாளில் இருந்தபடியே இருக்கும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் காரில் இதைச் செய்ய விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம். மீற்றர், ஈயப்பற்றுக் கோல், நெம்பு தகடு என்னிடம் உண்டு. உங்கள் காரின் பிளக்குக்குப் பொருந்தும் சொக்கற் வயரை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் வருகிறவர்களின் டாஷ்போட்டை நான் திறக்க மாட்டேன்.