உள்ளே இரண்டு அங்குலம் துணி விடுங்கள்

தைத்து வந்த பிளவுஸில் எல்லோரும் முதலில் பார்ப்பது கழுத்து. அப்புறம் கை, பைப்பிங், முதுகில் தொங்கும் குஞ்சம். நான் உள்பக்கத்தைத் திருப்பி, அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒன்றரை, இரண்டு அங்குலம் இருந்தால் தைத்த கையை நினைத்து மனசு நிறைந்துவிடும். அரை அங்குலம் விட்டு, விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் மெஷினில் ஓட்டி, மிச்சத்தை வெட்டி எறிந்திருந்தால் கோபம் வரும். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்வேன். இன்றைக்கு உங்களிடம்.

மதுரையில் வீட்டிலேயே தைக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை, சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, முகூர்த்த மாதங்களில் தாம்பூலப் பை. கூடவே ஆல்டரேஷன். இப்போதெல்லாம் புதுத் தையலுக்குச் சமமாக ஆல்டரேஷன் வருகிறது. அதில் பாதிக்கும் மேல் 'டைட்டா இருக்கு, கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா' என்று வருபவை. பிரித்து விட உள்ளே துணி இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் அந்த நல்ல துணி வீட்டில் தரை துடைக்கப் போகும், அல்லது பீரோவின் அடியில் கிடக்கும்.

நம் ஊர்த் தையலில் இதற்கு அழகான முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வெளியே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிளவுஸ் தைக்கும்போது முன்பாகம், பின்பாகம், இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் தனித்தனியே முடித்துவிடுவோம். தோளைச் சேர்த்து, கையை விரித்த வாக்கிலேயே பொருத்தி, கை ஓரத்தையும் மடித்து முடித்துவிடுவோம். பக்கத் தையல் கடைசியில்தான். கை விளிம்பில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டம். உடம்பு அளவுக்கு ஒரு தையல், கால் அங்குலம் தள்ளி இன்னொன்று, இன்னும் தள்ளி மூன்றாவது. கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம்: 'மூணு தையல் இருக்கு, டைட்டா இருந்தா உள்தையலைப் பிரிச்சுக்கங்க.' இதைக் கேட்காமல் வளர்ந்த பெண் தமிழ்நாட்டில் இருப்பாளா என்பது சந்தேகம்.

கணக்கையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் கால் அங்குலம் தள்ளினால் முன்துணியில் கால், பின்துணியில் கால். இரண்டு பக்கமும் சேர்ந்து மார்புச் சுற்றில் ஒரு அங்குலம் கூடிவிடும். இரண்டு அங்குலம் விட்ட பிளவுஸில், ஓரத்துக்குக் கால் அங்குலம் போக, சுற்றளவில் ஏழு அங்குலம் வரைக்கும் துணி உள்ளே காத்திருக்கிறது. ஏழையும் ஒரேயடியாக விட முடியாது. மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் டார்ட் இடம் மாறும், கை பொருத்தும் வளைவான ஆர்ம்ஹோல் அகன்று தொளதொளக்கும். மூன்று, நாலு அங்குலம் வரை தாராளமாகப் போகலாம். கல்யாணத்துக்குத் தைத்த பட்டு பிளவுஸைப் பிள்ளை பெற்ற பிறகும் போடலாம் என்றால் அது இந்தக் கணக்கினால்தான்.

ரெடிமேடில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பக்கத்தை முதலில் மூட்டிவிட்டு, கீழ் ஓரத்தையும் கை ஓரத்தையும் சுற்றிக் கடைசியில் மடித்துத் தைக்கிறார்கள். மெஷின் ஓட்டத்துக்கு அது வேகம். பக்கத்தைப் பிரிக்க வேண்டுமானால் அந்த ஓரங்களையும் பிரித்துத் திரும்ப மடிக்க வேண்டும். அப்படிப் பிரித்தாலும் உள்ளே என்ன இருக்கிறது? ஓவர்லாக் மெஷினில் ஒரு கத்தி உண்டு. நூல் பின்னிக்கொண்டே விளிம்பை நறுக்கிக்கொண்டு போகும். மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். திருப்பூர் மாதிரி ஊர்களில் கட்டிங் மேஜையில் நின்றவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். ஒரு உடையின் செலவில் பெரும்பங்கு துணிதான். ஒரே நேரத்தில் பல அடுக்கு விரித்து வெட்டும்போது உருப்படிக்கு அரை அங்குலம் மிச்சமானாலும் ஆயிரம் உருப்படியில் எத்தனை மீட்டர்! முதலாளி பக்கம் அது நியாயமான கணக்குதான். வாங்குகிறவர் பக்கத்துக் கணக்கை யார் போடுகிறார்கள்? ஒரே வருஷத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் கூடினால் அந்தக் குர்தியின் ஆயுள் முடிந்தது. துணி நைந்திருக்காது, சாயம் போயிருக்காது.

உடம்பு மாறத்தான் செய்யும். பிரசவம், தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், மாத்திரைகள், ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. என்னிடம் வரும் பெண்கள் பையிலிருந்து துணியை எடுக்கும் முன்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு 'ரொம்ப குண்டாயிட்டேன்க்கா' என்கிறார்கள். ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: உங்கள் உடம்பில் ஒரு தப்பும் இல்லை, உள்ளே துணி விடாமல் தைத்ததுதான் தப்பு. இளைத்தவர்களும் வருகிறார்கள். சிலர் ஒரு பெரிய நோயைக் கடந்து வந்தவர்கள். மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு பிளவுஸின் உள்ளே ஒரு பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் சிறு பை வைத்து, பேட் செருகிக்கொள்ள வசதி செய்து தருகிறேன். கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் இதைக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்? கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசி அளவெடுக்க முடிகிற இடம் என்பதால்தான் வீட்டுத் தையல் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

குழந்தைகளின் துணியில் நம் அம்மாக்களுக்கு இந்த விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. பட்டுப்பாவாடையில் குறுக்கே மடித்துத் தைத்து இரண்டு மூன்று டக் பிடித்து வைப்பார்கள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டக்கை அவிழ்த்துவிட்டால் பாவாடை பிள்ளையோடு வளரும். பள்ளிச் சீருடை பேன்ட்டில் கீழே நாலு அங்குலம் மடிப்பு. இந்தப் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது. 'அடுத்த வருஷம் புதுசு வாங்கிக்கலாம்' என்கிறோம். வசதி வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அவிழ்த்து விட்ட டக்கின் கோட்டைத் தடவிப் பார்த்து 'நான் இவ்வளவு வளர்ந்துட்டேன்' என்று ஒரு பிள்ளை சொல்வதை இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, கூலி விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் கருத்து சிலருக்குக் கசக்கலாம்.

புது பிளவுஸுக்கு முந்நூறு, நானூறு, கொக்கி ஊசியில் செய்யும் ஆரி எம்பிராய்டரி வேலை என்றால் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் ஆல்டரேஷனுக்கு ஐம்பது ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். 'ரெண்டு தையல் பிரிக்கிறதுக்கு அம்பது ரூவாயாக்கா?' அந்த இரண்டு தையலில் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். மெஷின் தையலில் மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். இழுத்துப் பிரித்தால் துணி கிழியும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை மேல்நூலை நறுக்கி, பின்பக்கத்து நூலைப் பதமாக உருவ வேண்டும். பட்டாக இருந்தால் ஊசித் துளை தெரியும். நகத்தால் நீவி, ஈரத்துணி போட்டு அயர்ன் செய்து இழைகளைச் சேர்க்க வேண்டும். பருத்தி வேறு விதம். வெளிப்பக்கம் வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும், உள்ளே இருந்த துணி அப்படியே அடர்நிறமாக இருக்கும், விரித்ததும் அக்குளுக்குக் கீழே பட்டையாக ஒரு கோடு தெரியும். சுங்குடிச் சேலையின் பிளவுஸில் இது பளிச்சென்று அடிக்கும். அதை எங்கே மறைப்பது என்று யோசிக்க வேண்டும். லைனிங் சுருங்கி மேல்துணி சுருங்காமல் இருந்தால் இரண்டையும் தனித்தனியே பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். (லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும் என்பது தையல் படிக்கும்போது முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம். அவசர ஆர்டரில் முதலில் விடுபடுவதும் அதுதான்.) புதிதாகத் தைக்கும்போது துணி நம் இஷ்டத்துக்கு வரும். ஆல்டரேஷனில் இன்னொருவர் எடுத்த முடிவுகளுக்குள் வேலை செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கை பழகியிருக்க வேண்டும், கூலி மட்டும் குறைவு.

அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள்தான் தைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயம் உண்டு. தையல் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. வீட்டில் தைக்கும் பெண்களும் கட்டாயம் பதிந்து வையுங்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் பழுது பார்ப்பதற்கு என்று ஒரு விலையும் மரியாதையும் எங்கும் உருவாகவில்லை. பிரான்சில் 2023 நவம்பரிலிருந்து துணியும் செருப்பும் பழுது பார்த்தால் 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி கிடைக்கிறது. அதற்கான பணம் துணி விற்கும் நிறுவனங்கள் கட்டும் பங்களிப்பிலிருந்து வருகிறது. ஸ்வீடன் 2017-ல் துணி, செருப்பு, சைக்கிள் பழுது பார்ப்பதற்கான வரியை 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது; 2023-ல் மறுபடி 25 ஆக்கிவிட்டது. தைத்து உடுத்தும் பழக்கம் நம் அளவுக்குக்கூட மிச்சம் இல்லாத நாடுகள், இதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கின்றன. நம்மிடம் தெருவுக்கு இரண்டு பேர் மெஷினோடு இருக்கிறோம். கேட்பாரில்லை.

மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபம் ஞாபகம் இருக்கும். மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. அந்தச் சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். துணியைக் கொடுத்துவிட்டு சாமி கும்பிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். பேன்ட் உயரம் குறைப்பது, தலையணை உறை, கிழிசல், பக்கம் பிரிப்பது எல்லாம் அங்கே நடந்தது. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான், கல்லைக் காப்பாற்ற வேண்டும். அந்தத் தையல்காரர்களின் கைவேலையும் காப்பாற்ற வேண்டிய ஒன்று என்று யாராவது பேசினார்களா? என் காதில் விழவில்லை.

வீட்டில் தைக்கும் தோழிகளுக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. துணி மிச்சம் பிடிக்கிறோம் என்று, தையலுக்கு உள்ளே விடும் மார்ஜினில் கை வைக்காதீர்கள். சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் பிட்டில் பெரிய அளவு பிளவுஸும் முழங்கை வரை கையும் கேட்டால், கை நீளத்தைக் குறைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்துத் துணியைக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம். பிளவுஸ் பிட் தனியாக வாங்குகிறவர்களை ஒரு மீட்டராக வாங்கச் சொல்லுங்கள். ஆரி வேலைக்கு டிசைன் வரையும்போது பக்கத் தையலுக்குள் பூ ஓடாமல் நிறுத்துங்கள். மணியும் ஜர்தோசிச் சரிகையும் தையலுக்குள் மாட்டிக்கொண்டால் பிற்பாடு பிரிக்கிறவர் பாடு பெரும்பாடு. ஓவர்லாக் போடுவதானால் கத்தி நூல் பிசிறை மட்டும் எடுக்கட்டும். கையிலும் பக்கத்துக்குச் சமமாகத் துணி விடுங்கள். பக்கத்தில் இரண்டு அங்குலம் விட்டு, கையில் அரை அங்குலம் விட்டால் அக்குளில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

வாங்குகிறவர்கள் கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உடையை ஒருமுறை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு உடை ஒரே விலை என்றால் உள்ளே துணி அதிகம் இருப்பதை எடுங்கள். விற்கிறவரிடம் அதைச் சொல்லியும் விடுங்கள்.

என் பங்குக்கு, வரும் தை மாதத்திலிருந்து ஆல்டரேஷன் கூலியை உருப்படிக் கணக்கில் வாங்காமல் நேரக் கணக்கில் வாங்கப் போகிறேன். புதுத் தையலுக்கு ஒரு மணி நேரத்துக்கு எனக்கு என்ன நிற்கிறதோ அதே கூலிதான், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் தைத்த பிளவுஸ் என்றால் முதல் தடவை பிரித்து விடுவதற்குக் காசு வேண்டாம். துவைத்துக் கொண்டுவாருங்கள், உள்ளே என்ன பிரா போடுவீர்களோ அதையே போட்டு வாருங்கள், அளவு சரியாக வரும். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.