எரிந்த தேவாலயம் போட்ட டீ-ஷர்ட்

போன ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா பையன், காலேஜ் இரண்டாம் வருடம், புது டீ-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கறுப்புத் துணி. நெஞ்சில் மங்கலாக ஒரு புகைப்படம்: கருகிப்போன மரச்சட்டங்கள் சில வானத்தைப் பார்த்து நிற்கின்றன, கீழே கரிக்குவியல். தோசைக்கரண்டியோடு எட்டிப் பார்த்த அக்கா, "எங்கடா தீ விபத்து?" என்றாள்.

"விபத்து இல்லம்மா, ஆல்பம் கவர்."

அங்கேதான் எனக்கு வாய் அரிக்க ஆரம்பித்தது. நார்வேயின் பிளாக் மெட்டல் என்கிற இரைச்சலான, இருண்ட ராக் இசையை நான் பதினைந்து வருடமாகக் கேட்கிறேன். அதனால் அதன் மேல் பிரியமும் உண்டு, தீராத எரிச்சலும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் இருப்பது பெர்கன் நகரத்தின் ஃபான்டாஃப்ட் தேவாலயம். முழுக்க மரத்தால் ஆன ஸ்டாவ் வகைக் கட்டடம். தார் பூசிப் பூசிக் கறுத்த பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூரைகள், கூரை முனைகளில் டிராகன் தலைகள். 1150 வாக்கில் ஃபோர்ட்டுன் என்ற சிற்றூரில் கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை இடித்துவிட முடிவானபோது ஒருவர் விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துவந்து 1883-ல் பெர்கனில் நிறுத்தினார். இந்த வகைத் தேவாலயங்கள் ஒரு காலத்தில் நார்வேயில் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை 28. அப்படி இடிபாட்டிலிருந்து தப்பி வந்த ஒன்று 1992 ஜூன் 6 அதிகாலையில் எரிந்து சாம்பலானது.

மறுவருடமே அது இசைத்தட்டின் அட்டைக்கு வந்துவிட்டது. பர்சம் என்ற பெயரில் தனி ஆளாக இசை செய்துகொண்டிருந்த வார்க் விக்கர்னெஸ் வெளியிட்டது. தட்டின் பெயருக்கே நார்வே மொழியில் சாம்பல் என்றுதான் பொருள். முதலில் வந்த பிரதிகளோடு ஒரு சிகரெட் லைட்டரும் இலவசம். ஃபான்டாஃப்ட் வழக்கில் ஜூரி அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. வேறு தேவாலயங்களை எரித்ததற்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த லைட்டரைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல ஜூரி தேவையில்லை.

யார் இந்த பிளாக் மெட்டல் பையன்கள்? பசியும் பட்டினியுமாக வளர்ந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பணத்தில் செழித்திருந்த, அமைதியான, எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாட்டின் பிள்ளைகள். லூத்தரன் மதம் அப்போது அரசியலமைப்பிலேயே அரச மதம், 2012-ல்தான் திருத்தினார்கள். கோயிலுக்குப் போகிறவர் குறைவு, ஆனால் கோயில் எங்கும் இருக்கிறது. அந்த மரியாதையான சலிப்பின் மேல்தான் இவர்களுக்குக் கோபம் என்பது என் கணிப்பு. மேஹெம் இசைக்குழுவின் கிடார்காரன் ஓய்ஸ்டைன் ஆர்செத், மேடைப் பெயர் யூரானிமஸ், 1991-ல் ஒஸ்லோவில் ஒரு ரெக்கார்டு கடை திறந்தான். கடைக்கு 'நரகம்' என்று பெயர். அதன் நிலவறையில் கூடிய சில டஜன் பேர்தான் மொத்தக் கூட்டமும். போலீஸ், பத்திரிகை, பெற்றோர் என்று எல்லாப் பக்கமும் நெருக்க, 1993 தொடக்கத்தில் நரகத்துக்கு ஷட்டர் இறங்கியது.

அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. 1991 ஏப்ரலில் மேஹெம் பாடகன் தற்கொலை செய்துகொண்டான். ஸ்வீடன்காரன், வயது 22. உடலைப் பார்த்த ஆர்செத் போலீசுக்குச் சொல்வதற்கு முன்னால் படம் எடுத்தான். அந்தப் படமும் பின்னாளில் ஒரு திருட்டுப் பதிப்பின் அட்டையானது. 1992 ஆகஸ்ட்டில் லில்லஹாமரில் எம்பரர் குழுவின் டிரம்மர் பார்ட் ஐத்துன், முன்பின் தெரியாத ஒரு ஓரினச்சேர்க்கையாளரைக் கத்தியால் குத்திக் கொன்றான். இரண்டே நாளில் ஒஸ்லோவில் ஹோல்மென்கோலன் தேவாலயம் எரிந்தது. 1993 ஆகஸ்ட் 10-ம் தேதி ஆர்செத்தையே விக்கர்னெஸ் கொன்றான். அவனுக்கு 21 வருடம், நார்வே சட்டத்தில் அப்போதிருந்த உச்சபட்ச தண்டனை. ஐத்துனுக்கு 14.

என் அக்கா பையன் மாதிரிப் பையன்கள் பாடமாக ஒப்பிப்பது இந்தப் பத்தியைத்தான். வரிசை மாறாமல், தேதி தவறாமல். இசையைப் பற்றிக் கேட்டால் "செம டார்க் மாமா" என்பதோடு சரி.

அந்த இசையைத்தான் நான் பேச விரும்புகிறேன். கிடாரில் ஒரே ஸ்வரத்தைப் பிக்கால் மேலும் கீழும் விடாமல் உரசுவார்கள். டிரம்ஸ் இடைவெளி இல்லாமல் கொட்டும். ஆனால் அடியில் ஓடும் மெட்டு மெதுவாக, ஏறக்குறைய சோகமாக நகரும். தகரக் கூரையில் அடைமழை கொட்டும்போது உள்ளே யாரோ முனகிக்கொண்டிருப்பது போல. முதல் தடவை கேட்டால் இரைச்சல். ஐந்தாவது தடவை, ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் மழைக்குப் பின்னால் இருப்பது கேட்க ஆரம்பிக்கும். இதில் ஒரு வேடிக்கை. மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல் எல்லோரும் ஒலிப்பதிவு செய்தது பெர்கனின் கிரீக்ஹாலனில். நாட்டின் பெருமைக்குரிய இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் பெயரில், சிம்பொனிக்காகக் கட்டிய அரங்கம். முகத்தில் பிணம் மாதிரி வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு நாகரிகத்தையே அழிக்கப் புறப்பட்டவர்களுக்கு, நாகரிகம்தான் நல்ல மைக் கொடுத்தது.

நார்வே செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கொலைகாரனைக் கொலைக்காக உள்ளே போட்டது, தீ வைத்தவனைத் தீ வைத்ததற்காக. இசையைத் தடை செய்யவில்லை. மற்றவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள், வளர்ந்தார்கள், வயதானார்கள். 2011-ல் டிம்மு போர்கிர் குழு, நார்வே வானொலி இசைக்குழுவோடு ஒஸ்லோவில் கச்சேரி செய்தது. 2013-ல் சாட்டிரிகான் குழு தேசிய ஒபெரா மேடையில், ஒபெராவின் கோரஸோடு. கோர்கோரோத் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஐனார் செல்விக் பழைய நரம்பு வாத்தியங்களையும் கொம்புகளையும் கையில் எடுத்தார். 2014-ல் அரசியலமைப்பின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கென்று அவரையும் என்ஸ்லேவ்ட் குழுவின் ஈவர் பியோர்ன்சனையும் ஒரு படைப்பு செய்யச் சொன்னார்கள். பழைய மரத்தேவாலயத்தை எரித்த கூட்டத்தின் பங்காளிகளிடமே பழைய மரபைப் பாடச் சொன்ன நாடு அது. வெளியுறவுத் துறையில் பயிற்சிக்கு வரும் இளம் தூதர்களுக்கு பிளாக் மெட்டல் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள் என்றும் 2011-ல் செய்தி வந்தது. வெளிநாடுகளில் தூதரகத்துக்கு வந்து அவ்வளவு பேர் இதைப் பற்றிக் கேட்கிறார்களாம்.

டார்க்த்ரோன் குழுவின் ஃபென்ரிஸ் கதை எனக்கு ரொம்ப இஷ்டம். தபால் துறையில் வேலை பார்த்தவர். உள்ளூர் மன்றத் தேர்தலில் மாற்று உறுப்பினர் பட்டியலில் பெயர் போட்டுக்கொள்ளக் கேட்டார்கள், எங்கோ கடைசியில் கிடக்கும் என்று சரி சொல்லிவிட்டார். பூனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படம், "தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்" என்று ஒரு வாசகம். ஜனங்கள் போட்டுவிட்டார்கள். ஜெயித்துவிட்டார். சாத்தானின் சேனை என்று உலகம் பயந்தது கடைசியில் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டியதாயிற்று.

சரி, எரிச்சல் எங்கே என்று கேட்பீர்கள்.

நாடு இந்தக் கூட்டத்தை ஜீரணித்துக்கொண்டது கொஞ்சம் அதிகமாகவே நன்றாக நடந்துவிட்டது, அதுதான். ஒஸ்லோவின் அந்த நிலவறை பின்னாளில் யாத்திரைத் தலமாகிவிட்டது. அதே இடத்தில் இன்னொரு ரெக்கார்டு கடை வந்தது, கீழே சுவரில் பழைய பெயிண்ட் எழுத்துகள், அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஈஸ்டர் வாரத்தில் ஒஸ்லோவில் இன்ஃபெர்னோ திருவிழா, 2001-லிருந்து. கலைஞர்கள் சம்பாதிக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் விற்கிற சரக்கில் பாதி இசை, பாதி ரத்தம். ரத்தத்தை எடுத்துவிட்டால் எத்தனை பேர் அந்தப் படிக்கட்டில் இறங்கியிருப்பார்கள்?

லில்லஹாமரில் செத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். கொன்றவன் பெயர் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். செத்தவர் எல்லாக் கதையிலும் வெறும் 'ஒரு ஓரினச்சேர்க்கையாளர்'. நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், திரும்பிப் போய்ப் பாருங்கள். எழுதும்போது உறுத்தவே இல்லை, அவ்வளவு பழகிவிட்டது. ஐத்துன் தண்டனை முடித்து வந்தான். 2014-ல் எம்பரரின் பழைய ஆல்பத்துக்கு இருபதாவது ஆண்டு என்று மேடையேறியபோது டிரம்ஸுக்குப் பின்னால் அவன்தான். தண்டனை அனுபவித்தவனுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கைதட்டலில் எவ்வளவு டிரம்ஸுக்கு, எவ்வளவு அந்தக் கொலைக்கு என்று யாருக்காவது தெரியுமா என்பதுதான் என் கேள்வி. இதே வட்டத்திலிருந்துதான் 2008-ல் கோர்கோரோத்தின் பாடகர், மேடைப் பெயர் 'கால்' (Gaahl), தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்குத் தேவைப்பட்ட தைரியம் நள்ளிரவில் பெட்ரோல் கேன் தூக்கிப்போன தைரியத்தைவிடப் பெரியது. அவர் முகம் போட்ட டீ-ஷர்ட் கேட்டால் வாங்கித் தருகிறேன்.

விக்கர்னெஸ் 2009-ல் வெளியே வந்தான். பிரான்ஸில் குடியேறினான். இனவெறுப்பைத் தூண்டியதாக 2014-ல் அங்கே ஒரு நீதிமன்றம் தண்டித்தது. ஆக, "சின்ன வயசு, தெரியாம செஞ்சுட்டான்" என்ற வாதமும் அவனுக்குப் பொருந்தாது. இதையும் பையனிடம் சொன்னேன்.

"அப்ப கேக்கவே கூடாதா மாமா?"

கேள் என்றேன். நானும் பர்சம் கேட்டிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் இன்னமும் மனதில் ஓடும். காதில் போட்டுக்கொள்வது ஒன்று, நெஞ்சில் போட்டுக்கொள்வது வேறு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பஞ்ச் டயலாக் மாதிரி வந்ததும் எனக்கே கூச்சமாகப் போய் நிறுத்திக்கொண்டேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா அதுவரை ஒன்றும் பேசவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள்: "அந்தக் கோயிலத் திரும்பக் கட்டுனாங்களா?"

கட்டினார்கள். 1997-ல் முடித்தார்கள். பழையதைப் போலவே மரத்தில், அதே இடத்தில். இப்போது சுற்றி வேலியும் உண்டு. பதினைந்து வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

போனில் அதன் படத்தைத் தேடிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கே. இந்தப் படம் போட்ட பனியன் கிடைக்காதாடா?" என்று பையனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அடுப்பைச் சின்னதாக்கப் போனாள்.