"உடனே போன் பண்ணு" என்று மட்டும் அனுப்பாதீர்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது பையன் ஐ.நா. அமைதிப்படையில் காங்கோவுக்கோ தென் சூடானுக்கோ லெபனானுக்கோ போயிருந்தால், இந்தப் பதிவு அந்த வீட்டுக்கு. இது முகநூலில் இருப்பதால் அவர் இதைப் படிக்க வாய்ப்பு குறைவு. 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை போனிலிருந்து நீக்கச் சொன்ன 89 ஆப்களில் முகநூலும் ஒன்று. இன்ஸ்டாகிராம், ட்ரூகாலர், ஐமோ எல்லாம் அதே பட்டியலில் இருந்தவைதான். துபாய் மாமாவிடம் ஐமோவில் பேசிப் பழகிய வீடுகள் அதையே இவருக்கும் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

தினம் முகத்தைப் பார்த்தால்தான் பாசம் என்று ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் எழுத்துச் செய்திதான் முதலில், அதற்கடுத்து குரல் பதிவு. வீடியோ கால் கிடைத்த அன்றைக்கு லாபம், அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. உள்ளடங்கிய முகாம்களில் இணையம் பெரும்பாலும் டிஷ் வழியாக, பூமிக்கு 36,000 கிலோமீட்டர் மேலே நிற்கும் செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. நீங்கள் பேசியது போய், பதில் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகும். அதனால்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "ஹலோ ஹலோ" என்றே பாதி நேரம் போகிறது. ஒருவர் முடித்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அடுத்தவர் பேசினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். கிழக்குக் காங்கோவும் தென் சூடானும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். லெபனான் குளிர்காலத்தில் மூன்றரை, கோடையில் இரண்டரை. நாம் சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்கு கூப்பிடும்போது அங்கே சாயங்காலம் ஆறு (லெபனானில் கோடையில் ஏழு). டூட்டி முடித்த அத்தனை பேரும் அந்த ஒரே லைனில் தொங்கும் நேரம்.

எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வாட்ஸ்ஆப்பில் போய்ச் சேராத செய்தி 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும். ஒற்றை டிக் என்றால் அவர் போனில் நெட் இல்லை, அல்லது போன் அணைந்திருக்கிறது. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை. 2025 ஜனவரியில் தென் சூடான் அரசே சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. அதே மாதக் கடைசியில் காங்கோவின் கோமா நகரம் எம்23 என்ற கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. அந்த மாதிரி நாட்களில் டிவி ஓட ஓட, ஒற்றை டிக்கைப் பார்த்தே அம்மாக்கள் சாப்பிடாமல் கிடப்பார்கள். அதற்காக ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். நெட் வந்ததும் மொத்தமாய் இறங்கி அவரைத்தான் பதறவைக்கும். 24 மணி நேரத்தில் மறையும் செட்டிங் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அவர் திறப்பதற்கு முன்பே செய்தி போய்விடும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "நைனாவ ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம், உடனே போன் பண்ணு" என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். அதைப் படித்த கையோடு அவர் நெட் இல்லாத போஸ்ட்டுக்கு இரண்டு நாள் ரோந்து போகலாம். துப்பாக்கியோடு நிற்கிற ஆள் மண்டைக்குள் அந்த ஒரு வரிதான் ஓடும். முடிவை முதலில் எழுதுங்கள்:

"நைனா நல்லாகீறாரு. திங்கக்கெழம மூச்சு வாங்குச்சுன்னு ஸ்டான்லில சேத்தோம். ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாத்தாச்சு. புதங்கெழம வூட்டுக்கு அனுப்பறோம்னுட்டாங்க. அண்ணன் கூடவே கீறான், துட்டும் கீது. அடுத்த சேதி புதன் ராத்திரி போடறேன்."

இதில் அவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. "இன்னிக்கு", "நாளைக்கு" என்று எழுதவே கூடாது. எப்போது படிப்பார் என்று யாருக்குத் தெரியும்? கிழமையைப் போடுங்கள். குரல் பதிவானாலும் முதலில் கிழமையைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள்.

படம் அனுப்பினால் சாதாரணமாகவே அனுப்புங்கள். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் படத்தோடு போகும். அவர் அனுப்பும் படத்துக்கும் இதுவே பொருந்தும். அதை ஸ்டேட்டஸில் வைப்பது, முகாம் பெயரும் திரும்பும் தேதியும் போட்டுத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டுவது இரண்டும் வேண்டாம். நம்ம ஏரியாவில் ஃபிளெக்ஸ் இல்லாத சந்தோஷமே கிடையாது, தெரியும். அவர் வீட்டுக்குள் கால் வைத்த பிறகு கட்டிக்கொள்ளுங்கள்.

சிம் விஷயத்தில் கோட்டை விடுபவர்கள் நிறைய. கிளம்பும் முன்பே இந்திய நம்பரில் ரோமிங் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் போன் மாற்றும் அன்று ஓடிபி வராது, வாட்ஸ்ஆப்பும் திறக்காது. பயன்பாடே இல்லாமல் 90 நாள் கிடக்கும் நம்பரைக் கம்பெனி முடக்கலாம், அதனால் ரீசார்ஜை வீட்டிலிருந்தே தேதி குறித்துப் போடுங்கள். எந்த சிம்மில் வாட்ஸ்ஆப் கணக்கு இருக்கிறதோ அது போனுக்குள் இருந்தால்தான் ஆப் ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே இரண்டு சிம் போன் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நம்ம சிம் ஒன்றில், அந்த ஊர் சிம் இன்னொன்றில்.

தொடர்பு இங்கேயிருந்தும் அறுந்துபோகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் பல இடங்களில் டவர் படுத்துவிட்டது. கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். மழைக்கு முன்னால் "நாலு நாள் சத்தம் இல்லன்னா சித்தப்பாவ கேளு" என்று ஒரு வரி முகாமில் இருப்பவருக்குப் போய்விட வேண்டும். டேட்டா செத்த பிறகும் சில நேரம் சாதாரண எஸ்எம்எஸ் போகும், சித்தப்பாவுக்கு அதில் சொல்லுங்கள்.

சாவுச் செய்தியை மட்டும் வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள், குடும்ப குரூப்பில் போடவே போடாதீர்கள். யூனிட்டின் ரியர் ஆபீசுக்கு (யூனிட் வெளியே போயிருக்கும்போது இந்தியாவில் இருக்கும் அதன் அலுவலகம்) போன் செய்தால், அவர் இருக்கும் முகாமில் ஒரு அதிகாரி நேரில் உட்காரவைத்துச் சொல்வார், லீவு வேலையும் கூடவே தொடங்கும். அதற்கு அவருடைய படை எண், பதவி, முழுப்பெயர், யூனிட், ரியர் ஆபீஸ் நம்பர் ஐந்தும் தாளில் எழுதி பீரோவுக்குள் ஒட்டியிருக்க வேண்டும்.