கர்ப்பிணிக்கு ஒயின் நல்லதா? இல்லவே இல்லை

"ஒயின் வெறும் திராட்சைச் சாறுதான், கர்ப்பிணி தினமும் கொஞ்சம் குடித்தால் ரத்தம் ஊறும், குழந்தை சிவப்பாகப் பிறக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். நிறம் மரபணு சார்ந்தது. ஒயினில் சுமார் 12 சதவீதம் ஆல்கஹால். அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். அதை முறிக்கும் அளவுக்குக் குழந்தையின் கல்லீரல் வளர்ந்திருக்காது. இதனால் குழந்தைக்கு வரும் பாதிப்புக்கு 1973-லேயே அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டுவிட்டார்கள். அதன் அடையாளங்கள்: சிறிய தலை, குன்றிய வளர்ச்சி, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத மேலுதடு. முகத்தில் எதுவும் தெரியாத பிள்ளைகளும் உண்டு. பள்ளிக்குப் போன பிறகுதான் கணக்கு வராமல், கவனம் நிற்காமல் திண்டாடுவார்கள். வாழ்நாள் முழுக்க இருக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கண்டறியப்படவில்லை.

சிகரெட்டும் அப்படித்தான்: எடை குறைவு, பிறகு ஆஸ்துமா. மெல்லும் புகையிலையும் விதிவிலக்கல்ல.

தெரியாமல் குடித்திருந்தால் பதற வேண்டாம். இன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.