4294967297 பகா எண் இல்லை

ஒருவர், 4294967297 ஒரு பகா எண் என்று எழுதியிருக்கிறார். 500 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடவில்லை, கணித மேதை பெர்மாவும் அப்படித்தான் சொன்னார் என்பது அவர் தரும் காரணம். இரண்டு தகவலும் சரி, முடிவு தவறு.

இந்த எண் 641 × 6700417. பெருக்கிப் பாருங்கள். இதை 1732-இல் கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்தார்.

500-உடன் நிறுத்தியதுதான் சிக்கல். வகுத்துப் பார்த்தே பகா எண் என்று சொல்ல வேண்டுமானால், வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போக வேண்டும். ஆனால் அவ்வளவு உழைப்பு இங்கே தேவையில்லை. இது 2-இன் 32-ஆம் அடுக்கைவிட 1 அதிகம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று ஆய்லர் கண்டார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

பெருக்காமலும் காட்டலாம். 641 = 5×128+1; 641 = 625+16. 5×128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி -1 எனலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸-இன் மீதி 1. 625-க்குப் பதில் -16 போடலாம், ஆக -2³²-இன் மீதி 1. எனவே 2³²+1 மீதியின்றி வகுபடும்.

பெர்மாவைப் பொறுத்தவரை, 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போக, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருவதெல்லாம் பகா எண் என்று அவர் ஊகித்தார், நிரூபிக்கவில்லை. இந்த வகையில் நமக்குத் தெரிந்த பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 மட்டுமே.