பசைக் கட்டியை வைத்துத் தேடிய பட்டாம்பூச்சி

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மழலையர் வகுப்பின் சுவரில் 24 பட்டாம்பூச்சிகளை வரிசையாக ஒட்டியிருந்தேன். வண்ணத்தாளில் இறக்கைகளை முந்தைய இரவே நான் வெட்டி, உடலுக்கு ஒரு கறுப்புத் துண்டும் உணர்கொம்புக்கு இரண்டு நூல் துண்டுகளும் சேர்த்து, குழந்தைக்கு ஓர் உறை என்று போட்டு வைத்திருந்தேன். மறுநாள் நான் காட்டிய இடத்தில் பசை தடவி ஒட்டுவதுதான் குழந்தைகளுக்கு மிச்சமிருந்த வேலை. மாலையில் தந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவருக்கு வந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தன்னுடையது எது என்று தெரியாமல் வெகுநேரம் விழித்துவிட்டு, "மிஸ், எல்லாத்தையும் திருப்பிக் காட்டுங்க, என்னோடதுல பின்னாடி பசை கட்டியா இருக்கும்" என்றான். ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருப்பியபோது, ஏழாவதோ எட்டாவதோ ஒன்றில், காய்ந்து கெட்டியான பசையும் அதில் அழுந்தியிருந்த சின்னக் கட்டைவிரல் தடமும் இருந்தன. அந்தப் பட்டாம்பூச்சியில் அவனுடையது அந்தத் தடம் மட்டும்தான், மற்றதெல்லாம் என்னுடையது.

மழலையர் வகுப்புகளில் 'ஆர்ட் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, பெரியவர்கள் செய்து முடித்த ஒரு பொருளில் குழந்தையின் கை கடைசியாக ஒருமுறை பட்டுவிட்டுப் போகும் சடங்காக இருக்கிறது என்று நான் கருதுவதற்கு அந்த மாலைதான் தொடக்கம். சொன்னபடி ஒட்டுவது, வரிசைப்படி மடிப்பது, கோட்டின் மேல் வெட்டுவது ஆகியவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. காது கொடுத்துக் கேட்பதற்கும் கை பழகுவதற்கும் அவை தேவை, அவற்றைக் கைவேலை என்றே அழைத்து அதற்கென ஒரு நேரம் ஒதுக்கலாம். ஆனால் கலை என்று சொல்லிவிட்டால், வேலை முடிந்தபின் எப்படி இருக்கும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி வந்தால் வகுப்பில் முடிவெடுத்தவர் ஒருவர்தான் என்று பொருள், அந்த ஒருவர் குழந்தை இல்லை.

இந்த ஒரே அச்சுப் பழக்கம் நம் காலத்துக் குற்றம் என்றும் சொல்ல முடியாது. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்த ஃபிரெட்ரிக் ஃப்ரோபெலே தாள் மடித்தல், தாள் பின்னல், களிமண் பிசைதல் போன்ற வேலைகளைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தி வைத்தவர். அவருடைய முறையில் ஓவியம்கூடக் கட்டம் போட்ட பலகையில் கோடுகளைப் பின்பற்றித்தான் தொடங்கியது. 1897-இல் வியன்னாவில் சிறுவர் ஓவிய வகுப்பைத் திறந்த ஃபிரான்ஸ் சிசெக் போன்றவர்கள், குழந்தைகளைத் திருத்தாமல் அவர்கள் போக்கில் வரைய விட்டபோதுதான், குழந்தையின் படம் பெரியவர் படத்தின் அரைகுறை நகல் இல்லை, அதற்கென்று ஒரு நியாயம் உண்டு என்ற எண்ணம் வேர் பிடித்தது.

அந்த நியாயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வயதுக் குழந்தைகளுக்கு எந்த வேலையையும் வகுக்க முடியாது. இரண்டு வயதில் தொடங்கும் கிறுக்கலை வீண் என்று தள்ளுகிறோம். லட்சக்கணக்கான குழந்தைப் படங்களைச் சேர்த்து ஆராய்ந்த ரோடா கெல்லாக், அந்தக் கிறுக்கல்களிலேயே புள்ளி, நெடுங்கோடு, சுழி, வளையம் என 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். வளையம் மூடத் தொடங்கியதும் அதற்குள் இரண்டு புள்ளிகள் விழுகின்றன, அடியில் இரண்டு கோடுகள் நீள்கின்றன, உடலே இல்லாமல் தலையிலிருந்து கால் முளைத்த ஒரு மனிதர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். தவளைக் குஞ்சைப் போல இருப்பதால் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தலைப்பிரட்டை மனிதன் என்பார்கள். மூன்று, நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் கடந்து போகும் இந்தக் கட்டத்தில், "வயிறு எங்கே? கழுத்து எங்கே?" என்று கேட்டு, நாமே ஒரு முட்டையைத் தலைக்குக் கீழே வரைந்து காட்டும் அவசரம் பெரியவர்களுக்கு வந்துவிடுகிறது. தன் வயிறு எங்கே இருக்கிறது என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாமல் இல்லை, கேட்டால் தொட்டுக் காட்டும்.

சற்று வளர்ந்தபின், வீட்டின் வெளிச்சுவரை வரைந்துவிட்டு உள்ளே படுத்திருக்கும் பாட்டியையும் சேர்த்து வரைவார்கள். மேசைக்கு நான்கு கால்களையும் நான்கு பக்கமாக விரித்துப் போடுவார்கள். குழந்தை தான் பார்ப்பதை விடத் தனக்குத் தெரிந்ததையே வரைகிறது என்று 1927-இல் எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் ஆன்ரி லூக்கேயின் விளக்கம் இங்கே மிகவும் பொருந்துகிறது. மேசைக்கு நான்கு கால்கள் என்பது உண்மை. ஒரு பக்கமாக நின்று பார்த்தால் இரண்டுதான் தெரியும் என்பது நம்முடைய பழக்கம். இதைத் 'தவறு' என்று திருத்தும் ஆசிரியர், குழந்தைக்குத் தெரிந்த ஒன்றைக் குழந்தையிடமிருந்தே பிடுங்குகிறார் என்பேன்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன, ஒவ்வொன்றாக ஆண்டுக் கணக்கில் எலும்பாகி, கடைசி எலும்பு கெட்டிப்பட ஒன்பது வயதோ அதற்கு மேலோ ஆகிறது. நான்கு வயதுக் குழந்தை கோட்டுக்கு வெளியே வண்ணம் தீட்டுவதை அலட்சியம் என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. நீளமான, மெல்லிய பென்சிலைக் கொடுத்துவிட்டு 'சரியாகப் பிடி' என்று அதட்டுவதைக் காட்டிலும், விரற்கடை நீளத்துக்கு உடைந்த கிரையான் துண்டுகளைக் கொடுத்துப் பாருங்கள். முழு உள்ளங்கையால் பற்ற இடமில்லாததால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் தாமாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். உடைந்த கிரையான்களைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபமே வருகிறது. தாளை மேசையில் வைக்காமல் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு வரையச் சொன்னால் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து உழைக்கின்றன. கத்தரிக்கோலிலும் வரிசை உண்டு: முதலில் தாளின் ஓரத்தில் 'கறுக் கறுக்' என்று சிறு வெட்டுகள், பிறகு நேர்கோடு, அதன் பிறகே வளைவு. மூன்று வயதில் வட்டம் வெட்டச் சொல்லிவிட்டு, வராதபோது நாமே வெட்டிக் கொடுத்தால், வரிசையைக் கலைத்தது நாம்தான்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்வது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது களிமண். உருட்டலாம், தட்டலாம், பிடிக்காவிட்டால் பிசைந்து மறுபடி தொடங்கலாம், பிழை என்ற ஒன்றே அதில் மிஞ்சாது. ஒரே ஒரு நுட்பத்தை மட்டும் சொல்லித் தர வேண்டியிருக்கிறது: யானைக்குக் காலை வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்தபின் கழன்று விழுந்துவிடும், ஆகவே ஒட்ட வேண்டிய இரண்டு பக்கங்களையும் குச்சியால் கீறி, நீர்விட்டுக் கரைத்த களிமண் குழம்பைத் தடவி ஒட்ட வேண்டும். இதை நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பு முழுவதும் கால் இழந்த யானைகளைப் பார்த்த பிறகு எல்லோரும் கேட்டார்கள். களிமண் கிடைக்காத இடத்தில் இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு நீர் சேர்த்துப் பிசைந்தால் போதும். விரலில் காயம் உள்ள குழந்தைக்கு உப்பு எரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே கவனித்துவிட வேண்டும்.

அடுத்தது மெழுகு. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தியால் அழுத்தி வரையச் சொல்லி, அதன்மேல் நீர்த்த வண்ணத்தைத் தடவச் செய்தால், மெழுகு நீரை ஒதுக்குவதால் மறைந்திருந்த கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வண்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும், தாள் மெல்லியதாக இருந்தால் நனைந்து கிழியும். இந்த இரண்டையும் ஆசிரியர் பார்த்துக்கொண்டால் மற்றது குழந்தையின் பாடு. இலைகளை வண்ணத்தில் தோய்த்து அச்சு எடுப்பது, பழைய தாள்களைக் கையால் கிழித்து ஒட்டுவது போன்றவையும் இதே குணம் உள்ளவைதான்.

வண்ணக் கலவையில் எனக்கே பொறுமை போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். மஞ்சளில் துளி நீலம் விட்டால் உடனே பச்சை வரும், நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் கிண்ணம் கிண்ணமாகக் கொட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்தாலும், குழந்தைகள் சிவப்பையும் இழுத்துக் கலந்து கடைசியில் சேற்று நிறத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். பச்சை வந்த அழகான கணத்தில் தூரிகையை வாங்கி வைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அந்தத் தாளைச் சுவருக்குக் காப்பாற்றத்தான் அந்தத் துறுதுறுப்பு என்பதை உணர்ந்த பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

நட்சத்திர ஒட்டி கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன், இதற்குப் பெற்றோரிடம் நிறையவே எதிர்ப்பு வந்தது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வை அவர்களிடம் எடுத்துச் சொன்னேன். ஏற்கெனவே வரைவதில் ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லி வரையச் செய்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து வகுப்பில் அதே பேனாக்களைப் பரப்பி வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. இதைக் கேட்ட ஒரு தாய், "அப்ப நல்லா இருக்குன்னுகூடச் சொல்லக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டார். சொல்லலாம், ஆனால் "இந்த மூலையில் மட்டும் ஏன் இவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டால் குழந்தை இன்னும் அதிகமாகப் பேசும் என்றேன். "என்ன இது?" என்ற கேள்வியைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் பல படங்கள் எதுவுமாகவும் இருப்பதில்லை, நாம் கேட்ட மரியாதைக்காகக் குழந்தை அந்த இடத்தில் ஒரு பெயரைக் கற்பித்துச் சொல்லிவிடும்.

பெற்றோர் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ப்ராஜெக்ட் மறுநாள் வரும்போது, அதில் குழந்தையின் கைபட்ட தடயமே இருப்பதில்லை. அளவுகோல் வைத்த விளிம்புகளும் மினுமினுப்புத் தூளுமாக, இரவு பதினொரு மணிக்குத் தாயோ தந்தையோ கண் விழித்துச் செய்தது பளிச்சென்று தெரியும். ஆனால் அவர்களை அந்த இரவுக்குத் தள்ளியது பள்ளிகள் நடத்தும் கண்காட்சிதான், அதில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. இந்த வயதுக்கு வீட்டு ப்ராஜெக்ட் என்பதே கூடாது என்று நிர்வாகத்திடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

என் வகுப்பளவில் நான் மாற்றிக்கொண்டது சிறியது. ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதியையும், வரையும்போது குழந்தை சொன்ன வார்த்தைகளை அது சொன்னபடியே ஒரு வரியிலும் எழுதி வைக்கிறேன். சுவரில் ஒட்டினால் அந்தப் பின்புறம் மறைந்துவிடுகிறது என்பதால், இப்போது குழந்தைகளின் கண்மட்டத்தில் ஒரு கயிறு கட்டி, தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.